சந்துச் சுவரில் ஊர்கூடி ஓவியம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

2020-ல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டு, தங்கள் பகுதியிலும் இப்படிச் செய்ய ஆசைப்படுபவர்கள் நிறைய. தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடைவீதிக்குப் பின்னால் ஓடும் சந்து வேறு மாதிரி இடம். எட்டடி அகலச் சந்தில் முப்பதடி நீளச் சுவரை யாராலும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. இரண்டு எட்டு பின்னால் வைத்தால் எதிர்ச்சுவர் முதுகில் இடிக்கும். நடந்துகொண்டே, பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். இதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யவேண்டும்.

முதலில் அனுமதி. சுவரின் சொந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள். வாடகைக்குக் கடை வைத்திருப்பவர் தலையாட்டினால் போதாது. பொதுச்சுவர் என்றால் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் மனு.

அடுத்து, சந்துக்காரர்களிடம் பேசுவது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். "என்ன வரையட்டும்?" என்று கேட்டால் மலை, அருவி, மயில் என்றுதான் பதில் வரும். "அண்ணே, இந்தச் சந்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று இஸ்திரி போடுபவரிடம் கேட்டுப் பாருங்கள். மூடிப்போன அச்சகம், குழாயடி வரிசை, பழைய சைக்கிள் கடை என்று வரிசையாக வரும். அதுதான் உங்கள் படம். வண்டி எங்கே நிறுத்துகிறார்கள், குப்பை எங்கே சேருகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை ஓர் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் போடுங்கள். ஒரே பெரிய காட்சி சந்தில் எடுபடாது. ஐந்தாறு அடிக்கு ஒரு துண்டுக்காட்சி, நடக்க நடக்க அடுத்தது வருகிற மாதிரி இருக்கட்டும். முகங்கள் நான்கிலிருந்து ஆறடி உயரத்துக்குள். கீழ் இரண்டடி சேறும் டயர் கறையும் படும் இடம். அங்கே அடர்நிறப் பட்டை போதும். தண்ணீர்க் குழாயையும் மீட்டர் பெட்டியையும் வரைபடத்திலேயே குறியுங்கள். மீட்டர் பெட்டிமேல் பெயிண்ட் அடிக்கக்கூடாது.

இனி சுவர். படம் எத்தனை வருஷம் நிற்கும் என்பது இங்கேதான் முடிவாகிறது. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் சுவரில் ஈரம் இருக்கிறது. ஒழுகும் குழாயைச் சரிசெய்து, காயவிட்டுத்தான் மேலே போகவேண்டும். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளேயே போகும். கம்பி பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்துத் தட்டிவிடுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாள் பொறுக்கவேண்டும். பிறகு வெளிச்சுவர்ப் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள்.

படத்தைச் சுவருக்கு ஏற்றப் புரொஜெக்டர் வைக்கலாமே என்று தோன்றும். சந்தில் அதைத் தள்ளி வைக்க இடம் கிடைக்காது. மேஸ்திரிகள் போல வண்ணப்பொடி தடவிய நூலை அடித்து ஓரடிக் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாக வரைவதே வழி.

வெளிச்சுவர் எமல்ஷன் வாங்குங்கள். ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 50 சதுர அடி வரும். காவியும் மஞ்சள் காவியும் வெயிலுக்குத் தாங்கும். ஒளிரும் நிறங்கள் சீக்கிரம் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கவேண்டாம். தை, மாசி நல்ல காலம். உச்சிவெயிலில் சூடான சுவரில் பெயிண்ட் இழுபடும், அதனால் காலையும் மாலையும்தான்.

வண்ணம் தீட்டும் நாளில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் எழுதி, அதே எண்ணைப் பெயிண்ட் டப்பாவிலும் எழுதுங்கள். பிரஷ்ஷே பிடிக்காதவர்கூடத் தைரியமாகச் சேருவார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984-ல் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில் மெல்லிய துணியில் இப்படி எண்போட்டு, பள்ளிகளுக்கே அனுப்பித் தீட்டவைத்து, பிறகு சுவரில் ஒட்டுகிறார்கள். சந்துக்கு வர முடியாத பாட்டிகளுக்காக நீங்களும் இதைச் செய்யலாம். மேலிருந்து கீழே, பெரிய பரப்புகள் முதலில், ஓரக்கோடுகள் கடைசியில். குழந்தைகளுக்குக் கைக்கெட்டும் உயரம் மட்டும். சாரத்தில் பெரியவர்கள் ஏறட்டும், மின்கம்பி அருகில் யாரும் வேண்டாம்.

ஒரு வாரம் காய்ந்ததும் நிறமில்லாத மேல்பூச்சு அடியுங்கள். மீந்த வண்ணங்களை எண்ணோடு காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்து, சந்திலேயே ஒரு கடையில் கொடுத்துவையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு பெயர்ந்த இடங்களைச் சந்துக்காரர்களே தொட்டுக்கொள்வார்கள்.