பழைய கட்டடத்தைக் காக்கப் படிக்கணுமா? முதலில் பக்கத்துத் தெருவை அளந்து பாருங்கள்

பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) முடித்துவிட்டு 'கன்சர்வேஷன் (பழங்கட்டடப் பாதுகாப்பு) மேற்படிப்பு படிக்கலாமாண்ணா' என்று கேட்டு வருகிற தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதுவரை ஒரு பழைய வீட்டையாவது டேப் பிடித்து முழுசாக அளந்திருக்கிறாயா? பெரும்பாலும் பதில் வராது. வண்ணாரப்பேட்டையில் பிறந்து, தினமும் மண்ணடி வழியாகவே காலேஜ் போய் வந்த பிள்ளைகள் இவர்கள்.

அதனால் விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருஷம் முன்பே ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராயபுரம் ஸ்டேஷன் (1856, தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம்) ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அளக்க ரயில்வே அனுமதி வாங்கவே காலம் போய்விடும். சித்தப்பா வீடோ, தெரிந்தவர் கிடங்கோ, மெட்ராஸ் டெரஸ் இருந்தால் போதும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கலை மூலைவாட்டத்தில் விளிம்பின் மேல் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் கட்டையால் தட்டி, கடைசியில் தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதித்த தளம் அது.

எங்கள் வீட்டு மாடி ஒழுகியபோது வந்த காண்ட்ராக்டர், தட்டோட்டின் மேலேயே சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் சுவருக்குள் செருகியிருந்த கட்டையின் முனை விரலால் நோண்டினாலே உதிர்ந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். உள்ளே மாட்டிய ஈரம் மரத்தைத் தின்னும், அதோடு வருகிற உப்பு காய்ந்து பூத்துச் செங்கலைப் பொடியாக்கும். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இந்தப் பாடம் வரும், அதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அளக்கப் போகும்போது டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு நல்ல டார்ச். அறையின் நான்கு பக்கம் மட்டும் எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள், மூலைவிட்டமும் எடுங்கள். பழைய அறைகள் பெரும்பாலும் சரியான சதுரமாக இருப்பதில்லை. ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) தரையிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது, விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எங்கே சிமெண்ட் ஒட்டு, எல்லாவற்றையும் படத்திலேயே குறியுங்கள். தெருவில் நின்று அளந்தால் "இன்னாபா, வரி ஏத்த வந்துகிறியா?" என்று ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். கோபப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள், வீட்டுக் கதை பாதி அவரிடம்தான் இருக்கும். மீதி தாய்ப்பத்திரத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும்.

இனி எங்கே படிப்பது. டெல்லியிலும் போபாலிலும் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் இரண்டிலும் இதற்கென்றே எம்.ஆர்க் உண்டு, இரண்டு வருஷம், கேட் (GATE) நுழைவுத் தேர்வில் ஆர்க்கிடெக்சர் தாள் எழுதி வையுங்கள். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் முதுகலை இருக்கிறது, அங்கே போர்ட்போலியோதான் (நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு) பேசும். வெளிநாடென்றால் யார்க், பாத், எடின்பரோ என்று பிரிட்டனில் நிறைய. ஒரே வருஷத்தில் முடிந்துவிடும், ஆனால் செலவைக் கேட்டால் தலை சுற்றும். சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் பாரம்பரியப் பாதுகாப்புக்கு உதவித்தொகை தருகிறது, முதலில் அதைப் பாருங்கள். சிவில் படித்தவர்கள் மனம் தளர வேண்டாம், பதுவா, மின்யோ, பிராக், பார்சிலோனா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும், சுருக்கமாக எஸ்ஏஎச்சி என்கிற படிப்பு பழங்கட்டடங்களின் கட்டுமான உறுதியைப் பற்றியதே. இங்கேயே ஐஐடி மெட்ராஸிலும் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென ஒரு தேசிய மையம் இருக்கிறது.

வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்பார்கள். கிடைக்கும், ஆனால் ஆரம்பச் சம்பளம் ஐடி போன பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடுகிற மாதிரி இருக்காது, அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

விண்ணப்பக் கட்டுரையில் 'சிறு வயது முதலே பாரம்பரியத்தின் மீது ஆர்வம்' என்று தொடங்காதீர்கள், படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அளந்த வீட்டில் நீங்களே கண்ட, அந்த உளுத்த கட்டை முனை மாதிரி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும், தேர்வு பிப்ரவரியில். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறதே, அது விட்டதும் ஒரு நாள் போய் அதே சுவரை மறுபடி அளந்து, ஓதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பழைய படத்தின் மேலேயே வேறு நிறப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொள்ளுங்கள்.