பிரசவ வார்டில் ஆபத்தை முன்கூட்டியே பிடிப்பது எப்படி?

நைட் டியூட்டிக்கு வரும் புது நர்ஸ்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கர்ப்பிணி உள்ளே வந்ததும் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் உடனே ஹீமோகுளோபின், ரத்த வகை இரண்டும் பார்த்துவிடுங்கள். 7 கிராமுக்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. மற்றவர் தாங்கும் ரத்தப்போக்கை இவர் தாங்கமாட்டார். ரத்த வங்கி இல்லாத இடம் என்றால், வலி முற்றுவதற்குள் பெரிய மருத்துவமனையோடு பேசுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கில் கண்ணளவை நம்பாதீர்கள். ஒருமுறை 'கொஞ்சம்தான்' என்று நினைத்தேன். நனைந்த துணிகளை எடை போட்டு, உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால் 700 கிராம். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. ரத்தத்தைப் பிடித்து அளக்கும் அளவுப் பை இல்லாவிட்டால் என்ன, தராசு போதும். 500 மில்லி ஆகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாடித்துடிப்பு ஏறி, பிரஷரின் மேல் எண்ணை நெருங்கினாலே ஆபத்து. கருப்பையைத் தேய்த்துவிடுங்கள், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினும், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராமும் போக வேண்டும். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா? கரண்ட் போன ஃபிரிட்ஜில் கிடந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

அப்புறம் பிரஷர். 160/110, கூடவே தலைவலி, கண் மங்கல் என்றால் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட்டை எடுத்து வைத்துவிட்டு டாக்டரை எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும்.