சைபரும் ஒரு பதில்தான்: இஃப் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் டீமுக்கு வருஷா வருஷம் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனாலும் ஜாவாஸ்கிரிப்டில் நாங்கள் எல்லாரும் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இஃபுக்குள் ஒற்றை = போடுவதையெல்லாம் லின்ட்டரே (கோடில் தவறு தேடும் டூல்) பிடித்துவிடும், அதை விடுங்கள்.

|| வைத்து டீஃபால்ட் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெலிவரி கட்டணம் வராவிட்டால் 40 ரூபாய் என்பதற்கு, 'கட்டணம் || 40' என்று எழுதிவிடுகிறார்கள். 25 கொடுத்தால் 25 வருகிறது, கொடுக்காவிட்டால் 40 வருகிறது. சரி, மெர்ஜ் பண்ணியாச்சு. அப்புறம் ஒரு பண்டிகைக்கு மார்க்கெட்டிங்காரர்கள் இலவச டெலிவரி அறிவிப்பார்கள். கட்டணம் 0. ஜாவாஸ்கிரிப்டில் 0 ஃபால்ஸ் கணக்கு. இடப்பக்கம் ஃபால்ஸ் என்றால் || வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும். பேனரில் இலவசம், பில்லில் 40.

எரர் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது. முன்பு நான் இருந்த கம்பெனியில் இது நடந்தபோது, பேமென்ட் கேட்வேக்காரர்களை ராத்திரி முழுக்க ஃபோனில் வறுத்தெடுத்தோம். விடிந்து பார்த்தால் அந்த || என்ற இரண்டு கோடுதான். ரீஃபண்ட் பாடு தனிக்கதை.

இதற்கென்றே 2020-இல் ?? வந்துவிட்டது. இடப்பக்கம் 'நல்' அல்லது 'அன்டிஃபைன்ட்', அதாவது மதிப்பே இல்லை என்றால் மட்டுமே வலப்பக்கம் போகும். "ரெண்டும் ஒண்ணுதானேண்ணா?" என்று ரிவ்யூவில் கேட்கிறார்கள். இல்லை தம்பி. அதற்காக கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. ஃபார்மில் காலியாக விட்ட கட்டம் வெற்று ஸ்ட்ரிங்காக வரும், ?? அதை அப்படியே விட்டுவிடும், நம்பராக்கினால் 0 ஆகும். இப்போது எல்லாருக்கும் இலவச டெலிவரி!

பைத்தானில் 'ஆர்' போட்டாலும் இதே கதைதான். பைத்தானே இதில் மாட்டியிருக்கிறது: 3.5 பதிப்புக்கு முன்பு நள்ளிரவு 12 மணிக்கான டைம் ஆப்ஜெக்ட் ஃபால்ஸ் ஆகிவிடும்.

காலி அரே

ஜாவாஸ்கிரிப்டில் ட்ரூ, பைத்தானில் காலி லிஸ்ட் ஃபால்ஸ். காலியா என்று தெரிய லெங்த்தைப் பாருங்கள்.

"0" என்ற ஸ்ட்ரிங்

பிஎச்பியில் ஃபால்ஸ், ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் ட்ரூ. ரூபியில் வெறும் 0-வே ட்ரூ. மொழி மாறுகிறவர்கள் உஷார்.

கூட்டல்

ஜாவாஸ்கிரிப்டில் "10" + 1 என்றால் "101", "10" - 1 என்றால் 9. கழித்துப் பார்த்துவிட்டு கோட் சரி என்று நம்பிவிடாதீர்கள். இன்புட்டின் வேல்யூ ஸ்ட்ரிங்காகத்தான் வரும். வாங்கின இடத்திலேயே நம்பராக்குங்கள்.

==

ஜாவாஸ்கிரிப்டில் ஒப்பிடும்போது இரண்டு வேண்டாம், மூன்று (===) போடுங்கள்.