புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு: வாசலில் நிறுத்தி வைத்தே கற்க வேண்டிய மூன்று விஷயங்கள்

வண்டி வாசலுக்கு வந்தாயிற்று. சாவிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. வீட்டில் எல்லோரும் "முதல் ரவுண்டு எங்கே?" என்று கேட்பார்கள். என் பேச்சைக் கேட்டால், அந்த முதல் ரவுண்டுக்கு முன்னால் வண்டியை நகர்த்தாமல் ஒரு மணி நேரம் அதற்குள் உட்காருங்கள். ஓட்டுநர் பள்ளியில் கிளட்சும் கியரும் சொல்லித் தந்திருப்பார்கள். மீட்டரில் எரியும் விளக்கு, மோதும்போது விரிந்து நம்மைத் தாங்கும் பையான ஏர்பேக், கதவுப் பூட்டு மூன்றையும் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. அவசரத்தில் உயிரோடு விளையாடுவது இந்த மூன்றும்தான்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பார்க்கில் வையுங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, அதனால் நான் சொல்வதையும் உங்கள் கையேட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படி 1: விளக்குகளை எரியவிட்டுப் பாருங்கள்

சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் அதற்கு முந்தைய 'ஆன்' நிலையில் நிறுத்துங்கள். பட்டன் வண்டியில் கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் இந்த நிலை வரும். மீட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கூட்டமே எரியும். பயப்பட வேண்டாம், "நான் வேலை செய்கிறேன்" என்று ஒவ்வொரு விளக்கும் ஆஜர் சொல்லும் நேரம் அது.

சில நொடிகளில் ஏர்பேக் விளக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் வசதியின் விளக்கும் தாமாக அணையும். ஆயில், பேட்டரி, இன்ஜின் விளக்குகள் இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகே அணையும். ஹேண்ட்பிரேக், சீட் பெல்ட், கதவு விளக்குகள் நீங்கள் அந்தந்த வேலையைச் செய்யும்வரை எரியும். இதை செல்போனில் ஒரு வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பழைய வண்டி வாங்கியவர்கள் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அணையாத விளக்கு கண்ணில் பட்டுவிடும். எரியவே எரியாத விளக்கு யார் கண்ணிலும் படாது. என் அத்தை மகன் வாங்கிய பழைய காரில் 'ஆன்' செய்ததும் மற்ற விளக்குகள் எரிந்தன, ஏர்பேக் படம் மட்டும் வரவில்லை. சந்தேகப்பட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் மீட்டரைக் கழற்றி, அந்த விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை உரித்துக் காட்டினார். பிறகு ஸ்டீயரிங் நடு மூடியை விரலால் தடவச் சொன்னார். மெல்லிய கோடாக ஒரு பசைத் தழும்பு கைக்குத் தட்டுப்பட்டது. முன்பே ஒரு விபத்தில் ஏர்பேக் வெடித்து, புதிது மாட்டாமல் மூடியை மட்டும் ஒட்டி விற்றிருக்கிறார்கள். நாங்கள் மூன்று மாதம் அந்த வண்டியில் குழந்தைகளோடு ஊருக்குப் போய்வந்திருக்கிறோம்.

சிலர் ஏர்பேக் விளக்கின் ஒயரை ஆயில் விளக்கோடோ பேட்டரி விளக்கோடோ இணைத்துவிடுவதும் உண்டு. இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தால் சந்தேகப்படுங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டரையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

படி 2: எந்த விளக்குக்கு நிற்க வேண்டும்

பொதுவாகச் சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் வெறும் தகவல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் ஒரு தெர்மாமீட்டர் படம் வந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், சற்று நேரத்தில் போய்விடும். புதியவர்கள் பலர் இதற்குத்தான் முதலில் பதறுவார்கள்.

சிவப்பில் எண்ணெய்க் கெண்டி போல, மூக்கில் ஒரு சொட்டோடு வரும் படம் ஆயில் அழுத்தத்தைக் காட்டுவது. ஓடும்போது இது எரிந்தால் "அடுத்த பங்க் வரை போய்விடலாம்" என்ற எண்ணமே கூடாது. ஓரம் கட்டி, உடனே இன்ஜினை அணையுங்கள். ஆயில் போகாத இன்ஜினில் இரும்பு இரும்பை உரசுகிறது, சில நிமிடத்தில் இறுகிப்போகும். ஐந்து பத்து நிமிடம் கழித்து, சமதரையில் வைத்து, ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுத்துப் பாருங்கள். அளவு இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தும் விளக்கு வந்திருந்தால் இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் வழி.

சிவப்புத் தெர்மாமீட்டர் வந்தாலும் அப்படியே. ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். கையில் தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஓடுவார்கள் சிலர். அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும். மூடி கையில் சுடுகிறதா என்று பார்த்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்தால் பிரேக். முதலில் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டக் கூடாது, "மெதுவாகப் போகிறேன்" என்றாலும் கூடாது.

பேட்டரி படம் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். இன்ஜின் பெல்ட் அறுந்திருக்கலாம், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். பல வண்டிகளில் அந்தப் பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அதனால் தெர்மாமீட்டரையும் சேர்த்துக் கவனியுங்கள்.

மஞ்சளில் இன்ஜின் படம் நிலையாக எரிந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒர்க்ஷாப் போகலாம். அதுவே விட்டு விட்டு மின்னினால் இன்ஜினில் சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும், நிறுத்திவிடுங்கள். ஏபிஎஸ் எரிந்தால் சாதா பிரேக் இருக்கும், சக்கரம் வழுக்காமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. மழையில் இடைவெளி அதிகம் விட்டுப் போங்கள்.

படி 3: ஏர்பேக்கோடு பழகுங்கள்

நம் நாட்டில் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயமானது. பக்கத்து சீட்டுக்கானது, எல்லாப் புது வண்டிகளிலும் 2022 தொடக்கத்திலிருந்து. அதற்கு முந்தைய வண்டி வாங்கியிருந்தால் உங்களுடையதில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங் நடுவிலும், பக்கத்து சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டிலும் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும்.

ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஏறத்தாழ முப்பது கூறுக்குள் அந்தப் பை முழுதாக விரிந்துவிடும். அவ்வளவு வேகத்தில் வருவது மெத்தையாக இருக்க வேண்டுமென்றால், அது விரிந்து முடிந்த பிறகே நம் உடம்பு அதைத் தொட வேண்டும். விரியும்போதே எதிரே போய் நின்றால் குத்துப்படுவது போல்தான். உங்களை அந்த இடைவெளியில் பிடித்து வைப்பது சீட் பெல்ட். பெல்ட் இல்லாமல் ஏர்பேக்கை மட்டும் நம்பக் கூடாது.

இப்போது சீட்டில் சாய்ந்து உட்காருங்கள். ஸ்டீயரிங் நடுவுக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் நடுவே கையை விரித்து அளந்து பாருங்கள். ஒரு சாணும் இரண்டு விரல்கடையும், அதாவது 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குள்ளமானவர்கள் பெடல் எட்டவில்லை என்று ஸ்டீயரிங்கோடு ஒட்டி உட்காருவார்கள். சீட்டை உயர்த்தி, முதுகைச் சற்றுச் சாய்த்து, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் இருக்கட்டும். ஒரு கையை ஸ்டீயரிங் மேல் குறுக்காகப் போட்டு ஓட்டினால், பை விரியும்போது அந்தக் கைதான் உங்கள் முகத்தில் வந்து மோதும்.

அப்புறம், டேஷ்போர்டு பிள்ளையார். எங்கள் வண்டியிலும் உண்டு, இல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை. ஆனால் அவரைப் பக்கத்து சீட்டுக்கு எதிரே இருக்கும் ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டக் கூடாது. அந்த மூடி கிழிந்து திறக்கும்போது மேலே இருப்பது எதுவானாலும், கல் பிள்ளையாரோ சென்ட் பாட்டிலோ, உட்கார்ந்திருப்பவர் முகத்தை நோக்கிப் பறக்கும். ஏர்பேக் எழுத்தைத் தவிர்த்து, மீட்டருக்கும் நடு ஏசி துவாரத்துக்கும் இடையில், பார்வையை மறைக்காத சிறிய உருவாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருபவர் டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைப்பதையும் அனுமதிக்காதீர்கள். தொடை எலும்பும் இடுப்பும் நொறுங்கிவிடும்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவது நம் ஊரில் சாதாரணம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது, குழந்தைதான் தாய்க்கும் ஏர்பேக்குக்கும் நடுவில் மாட்டும். பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. சில வண்டிகளில் பக்கத்து ஏர்பேக்கை அணைக்கச் சாவி போட்டுத் திருப்பும் துளை இருக்கும், கையேட்டில் பாருங்கள். இல்லாவிட்டாலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பின் சீட்டுதான் இடம்.

பின் சீட்டிலும் பெல்ட் வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும், கூடப் பின் சீட்டில் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் போடாததற்கு அபராதம் 1000 ரூபாய். 'பீப் பீப்' சத்தத்தை நிறுத்த வெறும் நாக்கை மட்டும் சொருகுவார்களே, அந்தப் போலிக் கிளிப் உங்கள் வண்டியில் கிடந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றை விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவே போட்டிருக்கிறது.

சீட் கவர் மாட்டும் கடையிலும் ஸ்டீரியோ கடையிலும் ஒன்று சொல்லிவிடுங்கள்: மஞ்சள் நிற கனெக்டரைத் தொடக் கூடாது. ஏர்பேக் ஒயர்களுக்கு அந்த நிறம் வழக்கம். முன் சீட்டுக்கு அடியில் குடையையும் பாட்டிலையும் திணித்தால் அங்கே இருக்கும் கனெக்டர் தளர்ந்துகூட ஏர்பேக் விளக்கு எரியும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதற்கென்றே தையல் விட்ட கவர்தான் போட வேண்டும். முன் பம்பருக்கு வெளியே இரும்புக் கம்பி மாட்டியிருந்தால் கழற்றுங்கள், மோதலை உணரும் சென்சாரைக் குழப்பும், சட்டப்படியும் குற்றம்.

படி 4: பூட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

ஓட்டுநர் கதவின் பூட்டு பட்டனை அழுத்தினால் எல்லாக் கதவும் பூட்டுகிறதா என்று உள்ளே இருந்தபடி பாருங்கள். பிறகு ஒவ்வொரு சீட்டாக மாறி உட்கார்ந்து, கதவைக் கையால் திறந்து பழகுங்கள். சிலவற்றில் உள் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பூட்டு விடும், மறுமுறை இழுத்தால் கதவு திறக்கும். சிலவற்றில் சின்னக் குமிழைத் தூக்க வேண்டும். கரண்ட் போனாலும் கையால் திறக்கும் வழி உண்டு, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் அதைச் செய்துகாட்டுங்கள்.

பின் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். குழந்தை முகம் வரைந்த சின்ன நெம்பு இருக்கும், அதுதான் சைல்டு லாக். அதைப் போட்டால் உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்து மட்டும் திறக்கும். சோதிக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள், கையை வெளியே விட்டுத் திறந்துகொள்ளலாம். பெரியவர்கள் மட்டும் போகும் நாளில் அதை எடுத்துவிடுங்கள்.

ரிமோட் சாவிக்குள் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். ரிமோட் பேட்டரி தீர்ந்த நாளில் அதுதான் கை கொடுக்கும். பக்கவாட்டுக் குமிழை அழுத்தி உருவி, ஓட்டுநர் கதவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

போன சித்திரையில், மதுரையில் ஒரு கல்யாண மண்டப வாசலில், என் அக்காவின் இரண்டு வயதுப் பையன் சாவியை வைத்து விளையாடிக்கொண்டே வண்டிக்குள் பூட்டிக்கொண்டான். ஒரு பையை இறக்க அக்கா திரும்பிய நேரம்தான். அவனுக்குப் பட்டனை மறுபடி அழுத்தச் சொன்னால் சிரிக்கிறான், கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்த்து அழ ஆரம்பித்துவிட்டான். மாற்றுச் சாவி வீட்டில். பூட்டுக்காரரைத் தேடலாம் என்றார் ஒருவர். மாமா கேட்கவில்லை. பக்கத்துப் பங்க்சர் கடையில் வீல் ஸ்பேனரை வாங்கி, பையன் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பின் கண்ணாடியின் கீழ் மூலையில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் கற்கண்டு போல உதிர்ந்தது.

அவர் செய்தது சரி. வெயிலில் பூட்டிய கார் பத்து நிமிடத்தில் வெளியைவிட ஏறத்தாழ 10 டிகிரி கூடிவிடும், கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. சாவி பக்கத்தில் இல்லாவிட்டால் கண்ணாடிக் காசைப் பார்க்காமல் உடையுங்கள், ஒருவர் 112-ஐக் கூப்பிடட்டும். முன் கண்ணாடியில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்தது, உதிராது. பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலைதான் இடம். சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி மாட்டினாலும் இதேதான்: பெல்ட்டைக் கழற்றி, பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியே விட்டு, நீங்களும் வெளியேறுங்கள்.

படி 5: இறங்குவது

நம் ஊரில் ஓட்டுநர் கதவு வலப்பக்கம், சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தக் கதவை வலக்கையால் திறந்து பழகிவிட்டால் மாற்றுவது கடினம், அதனால் முதல் நாளே இடக்கையால் திறந்து பழகுங்கள். இடக்கை வலப்பக்கக் கைப்பிடிக்குப் போகும்போது தோள் தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். பின்னால் வரும் பைக் தெரியும். முதலில் ஒரு சாண் மட்டும் திறந்து நிறுத்துங்கள், பிறகு முழுதாக. இடப்பக்கம் உட்காருபவர்கள் வலக்கையால் திறக்கட்டும், பஸ் நிறுத்தத்தை ஒட்டி இடப்பக்கமாகப் புகுந்து வரும் ஸ்கூட்டர்கள் அவர்களுக்குத்தான் ஆபத்து.

வாசலில் நிற்கும் வண்டியில் இதைப் பத்து முறை செய்து பாருங்கள். இறங்கியதும் பின் சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்து, சாவி கையில் இருப்பதைத் தொட்டுப் பார்த்து, பூட்டி, கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். இப்போது முதல் ரவுண்டுக்குக் கிளம்பலாம்.