குர்குமினை நியோசோமில் அடைப்பது எப்படி? தொடக்கநிலை மாணவர்களுக்கான செய்முறை

தருமபுரி மாவட்டத்தில் மஞ்சள் விளைவதால், இங்குள்ள மருந்தாக்கியல் மாணவர்களுக்கு நியோசோம் (மருந்தை ஏற்றிச் செல்லும் நுண்பை) கற்பிக்கும்போது நான் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினையே எடுத்துக்கொள்கிறேன். நீரில் கரையாத இப்பொருள், அயனித்தன்மையற்ற சர்ஃபாக்டன்ட் (நீரை நாடும் தலையும் கொழுப்பை நாடும் வாலும் கொண்ட பொருள்) மூலக்கூறுகள் வாலோடு வால் சேர்த்துக் கட்டும் ஈரடுக்குச் சுவருக்குள் எளிதில் புகுந்துகொள்ளும். மருந்து எங்கே போயிற்று என்பதை அதன் நிறமே காட்டிவிடும்.

படி 1: ஸ்பேன் 60 என்னும் சர்ஃபாக்டன்ட் 43 மி.கி., கொலஸ்ட்ரால் 39 மி.கி. (ஏறத்தாழச் சம மோல்), குர்குமின் 5 மி.கி. ஆகியவற்றை உருண்டை அடிக் குடுவையிலிட்டு, 10 மி.லி. குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில், ஃபியூம் ஹுட்டுக்குள் (நச்சு ஆவியை வெளியேற்றும் அறைப்பெட்டி) வைத்துக் கரைக்கவும்.

படி 2: ரோட்டரி எவாப்பரேட்டரில் (குடுவையை வெற்றிடத்தில் சுழற்றி ஆவியாக்கும் கருவி) கரைப்பானை நீக்கினால் குடுவைச் சுவரில் மஞ்சள் படலம் படியும். எஞ்சிய கரைப்பான் போக, இரவு முழுவதும் வெற்றிடத்தில் வைக்கவும்.

படி 3: பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஸ்பேன் 60 ஏறத்தாழ 53 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகியே இருக்கும். நான் முதன்முறை செய்தது ஒரு மார்கழிக் காலை. பஃபரைச் சூடாக்காமல் ஊற்றிவிட்டேன். படலம் பழைய சுண்ணாம்புப் பூச்சைப் போலச் செதில் செதிலாகப் பெயர்ந்து மிதந்ததே தவிர, ஒரு நுண்பைகூட உருவானதாகத் தெரியவில்லை. ஆகவே 10 மி.லி. பாஸ்பேட் பஃபரை 60 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றி, வெற்றிடம் இல்லாமல், அதே வெப்பத்தில் ஒரு மணி நேரம் சுழற்றவும். காரத்தன்மையில் குர்குமின் சிதையும் என்பதால் பஃபரின் பிஎச் 6.5 அளவில் இருக்கட்டும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது தெரிந்ததே; கடினநீரின் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து கலங்கல் தரக்கூடும். காய்ச்சி வடித்த நீரன்றி வேறெதையும் தொடாதீர்கள்.

படி 4: ப்ரோப் சோனிகேட்டரில் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) விட்டுவிட்டு அதிரவைத்துப் பைகளைச் சிறிதாக்கவும். 200 நானோமீட்டருக்குள் வந்தால் நன்று.

படி 5: மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்தால், அடைபடாத குர்குமின் அடியில் தங்கும், நியோசோம்கள் மேலே நிற்கும். மேல்திரவத்தை மெத்தனாலில் கரைத்து, 425 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, இட்ட அளவோடு ஒப்பிட்டு, அடைபட்ட விழுக்காட்டைக் கணக்கிடவும்.

இலக்கு நோக்கிச் செலுத்துவது தனியான ஆறாம் படி அன்று. இரத்தத்தில் செலுத்தப்படும் வெறும் நியோசோம்களைக் கல்லீரல், மண்ணீரலின் விழுங்கு செல்கள் விரைவில் பிடித்துவிடும். காலா அசார் (லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் காய்ச்சல்) போல நோய்க்கிருமி அச்செல்களுக்குள்ளேயே குடியிருந்தால் அது நமக்கு ஆதாயம். புற்றுநோய்க் கட்டியே இலக்கு என்றால், பல கட்டிச் செல்கள் பற்றிக்கொள்ளும் ஃபோலேட் வைட்டமினைப் பிணைத்த பெக்–கொலஸ்ட்ராலை (பெக் என்பது ஒரு பாலிமர்) சிறிதளவு, படி 1-லேயே கலந்துவிட வேண்டும்.