மனச்சோர்வு பற்றி டாக்டரிடம் பேசப் போகிறீர்களா? முதல் நாளே செய்து வைக்க வேண்டியவை

"உடம்பெல்லாம் வலி, ஒரே அசதி, பசி இல்லை" என்று மட்டும் சொன்னால், கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் பெரும்பாலும் பி-காம்ப்ளெக்ஸும் கேஸ் மாத்திரையும்தான் கிடைக்கும். டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. மனசைப் பற்றி நாம் வாயே திறக்கவில்லையே. முதல் இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிட வேண்டும். கீழே உள்ள ஏற்பாடெல்லாம் அதற்காகத்தான்.

எடுத்த எடுப்பில் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவுக்கே சீட்டு போடச் சொல்லுங்கள்.

1. ஒரே ஒரு தாள்

நான்கு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இந்த அளவு போதும்:

எப்போதிலிருந்து: தீபாவளிக்குப் பிறகு, சுமார் 3 மாதம்.
தூக்கம்: 11 மணிக்குப் படுத்தால் 3 மணிக்கு முழிப்பு, பிறகு தூக்கமில்லை.
சாப்பாடு: ஒரு வேளைதான். எடை 4 கிலோ குறைவு.
வேலை: இந்த மாதம் 5 நாள் லீவு. சமையலில்கூட மனசு ஒட்டவில்லை.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்பதைவிட "5 நாள் லீவு" டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கிறது. கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டர் தீர விசாரிக்க வேண்டிய அளவு. அதை வைத்து நீங்களே நோயை முடிவு செய்துவிடக் கூடாது. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணம். அதில் 1 போட்டிருந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. பையில் எடுத்துக்கொள்ள

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும்: ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ரிப்போர்ட் பழசாக இருந்தாலும் சரி. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை வந்தாலும் இதே அசதி, இதே மந்தம் வரும்.

3. மறைக்கக் கூடாத மூன்று

குடி. "எப்பவாவது" என்று சொல்லாமல் "வாரத்தில் 4 நாள், ஒரு குவார்ட்டர்" என்று அளவோடு சொல்லுங்கள்.

முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் பல நாள் அளவுக்கு மீறிய உற்சாகம், ஓயாத பேச்சு, கண்டபடி செலவு இருந்ததா? இதை அநேகமாக யாரும் தாமாகச் சொல்வதில்லை. ஆனால் அது இருமுனை மனநிலைக் கோளாறாக இருந்தால், மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது அந்த வேகத்தை மறுபடி கிளப்பிவிடலாம்.

சாக வேண்டும் என்ற நினைப்பு. வெறும் நினைப்பா, எப்படி என்று யோசித்தாகிவிட்டதா என்று பிரித்துச் சொல்லுங்கள். யோசித்தாகிவிட்டது என்றால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

4. உள்ளே போனதும்

இதை அப்படியே சொல்லலாம்: "டாக்டர், மூணு மாசமா எதுலயும் மனசு ஒட்டல. தூக்கம் போச்சு, வேலையும் ஓடல. இது டிப்ரஷனான்னு பாக்கணும்." சொல்ல வரவில்லையென்றால் தாளை நீட்டுங்கள்.

கூட வருபவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது நம் ஊரில் சகஜம். "அஞ்சு நிமிஷம் தனியா பேசணும் டாக்டர்" என்று கேளுங்கள், தப்பில்லை. சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை.

5. எழுந்து வருமுன்

மாத்திரை எழுதினால், காலையா இரவா, திரும்ப எப்போது வர வேண்டும், கவுன்சிலிங்கும் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை பலன் காட்ட 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். குமட்டலோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். நிறையப் பேர் மாத்திரையை விடுவது இந்த இடைவெளியில்தான். இன்னும் சிலர் நன்றாகிவிட்டது என்று ஒரே மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வதே வழக்கம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும் என்பதால், டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.