பழைய ஜீப்ப எடுத்தா பெயிண்ட்ல ஆரம்பிக்காதீங்க

மணல்ல ஓட்டுற திறந்த வண்டி டூன் பக்கி இருக்குல்ல, அத கட்டணும்னுதான் முதல்ல ஆசை. அதுக்கு அடியில போட பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு மதுரையில எங்கிட்டு போறது, சரின்னு போடி பக்கம் இருந்து ஒரு மஹிந்திரா சிஜே 3பி பெட்ரோல் ஜீப்ப கட்டி இழுத்துட்டு வந்தேன். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலை ஏறுன வண்டி. பார்க்க பளபளன்னு இருந்துச்சு, அங்கதான் ஏமாந்தேன்.

பாடியில துணி சுத்துன காந்தத்த வச்சுப் பாருங்க, ஒட்டலேன்னா உள்ள தகரம் இல்ல, பூராம் பூசி மறைச்ச பட்டிதான். என் வண்டி பின்சைடுல வச்சதும் பொத்துன்னு விழுந்துச்சு. சேஸ்ஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, இது பத்தாது, அடியில படுத்து ஸ்பிரிங் பட்டை மாட்டுற இடத்துல ஸ்க்ரூடிரைவரால நல்லா குத்திப் பாக்கணும், மலையில ஓவர்லோடு அடிச்ச வண்டின்னா விரிசல் விடுறது பெரும்பாலும் அங்கதான்.

பேப்பர் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஆர்.சி.ல பெட்ரோல்னு இருக்கும், பானெட்ட தூக்குனா டீசல் இன்ஜின் உக்காந்திருக்கும், ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதாம மாத்துனதுன்னா வண்டி தகுதி பாக்குற எஃப்.சி. அன்னைக்கு மாட்டுறது நீங்கதான். 2021ல வந்த விதிப்படி 50 வயசு தாண்டுன வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு, புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும். ஆனா சேஸ், பாடி, இன்ஜின்ல பெருசா கை வச்சிருக்கக் கூடாது, ஆபீசுக்கு தினமும் ஓட்டிட்டுப் போகவும் முடியாது. இஷ்டத்துக்கு மாடிஃபை பண்ணிட்டு அப்புறம் விண்டேஜ்னு போய் நின்னா வேலைக்காகாது.

கழட்டுறப்ப எல்லா நட்டையும் ஒரே வாளியில போடாதீங்க, டப்பாவுல பேர் எழுதி வைங்க, போட்டோ எடுங்க. அம்புட்டுதான்.

வெல்டிங்தான் எனக்கு பயம். இந்த ஜீப்புல பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில இருக்கு. "காலி டேங்க்தானே அண்ணே, இருக்கட்டும்"னு பட்டறைப் பையன் சொல்லுவான். நிறைஞ்ச டேங்க விட காலி டேங்க்தான் மோசம், உள்ள ஆவி நிக்கும், ஒரு பொறி போதும். கழட்டி தூரமா வச்சுட்டு, பேட்டரி வயரையும் கழட்டுன பிறகு வெல்டிங் ராடு பிடிக்கச் சொல்லுங்க.

பிரேக் நாலு வீலுக்கும் டிரம்மு, பிரேக் ஆயில் போற லைன் ஒண்ணே ஒண்ணு. ஒரு வீல் சிலிண்டர் ஒழுகுனா நாலும் போச்சு, அதனால நாலையும் பிரிச்சு ரப்பர் கப்ப புதுசா போட்ருங்க. அத பெட்ரோல்ல கழுவுறாங்க பாருங்க, அது தப்பு, ரப்பர் ஊதிரும், பிரேக் பிடிச்சா விடாது.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் என்ன பண்ணேன், அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள வண்டி ரெடியாகணும்னு பெயிண்ட முதல்ல அடிச்சேன். பெடல மிதிச்சா பிரேக் ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடியில இருக்கு, ஃப்ளோர்ல இருக்குற மூடியத் திறந்து அந்த ஓட்டை வழியாத்தான் பிரேக் ஆயில் ஊத்தணும். பிரேக் லைன்ல நிக்குற ஏர் எடுக்குறப்ப கை தவறி ஃப்ளோர்ல கொஞ்சம் சிந்துச்சு, மச்சான் பெடல மிதிச்சுக்கிட்டே இருக்கான், நான் அடியில கிடக்கேன், யாரும் பாக்கல. பிரேக் ஆயில் பெயிண்ட தின்னுரும். வெளிய வந்து பாத்தா புதுப் பச்சை பெயிண்ட் கொழுக்கட்டை மாவு மாதிரி பொங்கி, விரல் வச்சா தோலா உரியுது.

அந்த இடத்துல இப்ப ரப்பர் மேட் கிடக்கு.